மூன்று பூச்சுக் கறுப்பு

என் அக்காவின் கணவருக்கு விமான நிலையத்தில் வேலை என்று சொன்னால் எதிரில் இருப்பவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். அங்கே தரையில் கோடு போடுகிறார் என்று அடுத்த வாக்கியத்தைச் சொன்னதும் பழையபடி சாய்ந்துகொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோடு இல்லாவிட்டால் அந்த விமானங்களெல்லாம் எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும் என்று ஒருவராவது யோசித்ததுண்டா?

விமானம் இறங்குகிற ஓடுபாதை நேராக இருக்கும், அதில் குழப்பம் கிடையாது. குழப்பமெல்லாம் இறங்கிய பிறகுதான். ஓடுபாதையை விட்டுத் திரும்பி, கட்டிடத்தின் வாசலில் போய் நிற்கும்வரை விமானம் தரையில் உருண்டு வர வேண்டும். அதற்கென்று இருக்கிற தெருக்களை டாக்ஸிவே என்பார்கள். எங்கள் நிலையத்தில் அப்படிப் பதினேழு தெருக்கள். பிரியும், சேரும், சில பாதியில் முடிந்துபோகும். பத்து வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு பெரிய அதிகாரி வந்து இன்னும் இரண்டு தெருவைச் சேர்த்துவிட்டு மாற்றலாகிப் போய்விடுவார். ஒவ்வொரு தெருவின் நடுவிலும் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். முன்சக்கரத்தை அந்தக் கோட்டின் மேலேயே வைத்துக்கொண்டு வந்தால் விமானி வீடு போய்ச் சேரலாம்.

அந்தக் கோடுகளை இருபத்து நான்கு வருடமாகப் போட்டது என் அத்தான்.

எனக்கும் அங்கேதான் வேலை. அத்தான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டார். நான் ஓட்டுவது மஞ்சள் ஜீப். பின்பக்கம் 'பின்னால் வரவும்' என்று பலகை எரியும். ஊருக்குப் புதிதான விமானிக்கு வழி தெரியாவிட்டால் கட்டுப்பாட்டு டவரில் கேட்பார். டவர் என்னைக் கூப்பிடும். நான் முன்னால் போவேன், எழுபது டன் எடையுள்ள ஒரு சாமான் என் பின்னால் சாதுவாக வரும். என் அக்கா மகள் இதைப் பார்த்துவிட்டு, "சித்தி, நீ திடீர்னு பிரேக் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள். அதையெல்லாம் யோசித்தால் சோறு இறங்குமா?

இதில் ஒரு விஷயம் உண்டு. ஜீப்பைக் கேட்பது விமானிகளுக்கு மானக்கேடு. எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் அப்படித்தான். பத்தாயிரம் மணி நேரம் பறந்தவர் ஒரு முச்சந்தியில் நின்றுகொண்டு வழி கேட்பதா என்று நினைப்பார்களோ என்னவோ. வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு நத்தை வேகத்தில் ஊர்ந்தாலும் ஊர்வார்களே தவிர, வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். புதிதாகக் கேப்டன் ஆனவர்கள் இன்னும் மோசம். பக்கத்து நாற்காலியில் இருக்கிற துணை விமானி ஏதாவது நினைத்துக்கொள்வானோ என்ற பயம்.

அத்தானைப் பற்றிச் சொல்ல வந்தேன். மனிதர் நல்லவர், ஆனால் தன் வேலையில் குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். முழங்காலில் தோல் பட்டை கட்டிக்கொண்டு, சுண்ணாம்புத் தூள் தேய்த்த நூலை இழுத்துத் தட்டி, முதலில் வெள்ளைத் தடம் போடுவார். வளைவு என்றால் ஓர் ஆணியும் கயிறும். பிறகு மிஷினைத் தள்ளிக்கொண்டு பின்னோக்கி நடப்பார். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே கண்ணாடித் தூளைத் தூவுவார், வெளிச்சம் பட்டால் மின்னுவதற்காக. எல்லாம் உச்சி வெயிலில். மதியம் இரண்டு மணி நேரம் விமானம் குறைவு, அப்போதுதான் தெருவை மூடித் தருவார்கள், பெயின்ட்டும் சட்டென்று காயும். விரல் நகங்களில் மஞ்சள் போகவே போகாது. கல்யாண வீடுகளில் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டே நிற்பார்.

அக்கா மகள் ஒருமுறை பள்ளிப் படிவத்தில் 'தந்தையின் தொழில்: ஓவியர்' என்று எழுதிவிட்டாள். அந்தப் பள்ளி சும்மா இருக்குமா? சுவரில் ஒரு படம் வரைந்து தரச் சொல்லி ஆளனுப்பியது. அத்தான் மறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் விளையாட்டு மைதானத்தில் ஓட்டப் பந்தயத்துக்கு எட்டுக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். இன்றைக்கும் அந்த மைதானம் அப்படியே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

கோடு போடுவதைவிடக் கோட்டை அழிப்பதில்தான் அவருக்குக் கர்வம் அதிகம். தெரு மாறினால் பழைய கோடு போக வேண்டும். ஒழுங்கான முறை என்றால், சுரண்டும் மிஷினை வைத்துப் பெயின்ட்டைத் தாரோடு சேர்த்துச் செதுக்கி எடுக்க வேண்டும். எங்கள் மிஷின் வருடத்தில் பாதி நாள் பழுதுபார்க்கப் போய்விடும். அதனால் தார் நிறத்துக்குக் கறுப்புப் பெயின்ட்டை மேலே அடித்துவிடுவது எல்லோருக்கும் பழகிப்போனது. மற்றவர்கள் ஒரு பூச்சு அடிப்பார்கள், ஆறு மாதத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். அத்தான் மூன்று பூச்சு அடிப்பார். ஒன்று காய்ந்து, தேய்த்துச் சமமாக்கி, அதற்குமேல் இன்னொன்று. முடித்ததும் குதிகாலால் தடவிப் பார்ப்பார். "எங்க இருந்துச்சுன்னு காட்டு பார்ப்போம்" என்பார். எவனாலும் காட்ட முடியாது.

இப்போது விஷயம் நடந்த முச்சந்திக்கு வருகிறேன்.

ஓடுபாதையிலிருந்து வெளியே வரும் பெரிய தெருவில், கிழக்கே பார்த்து வந்தால் ஒரு பிரிவு வரும். முன்பெல்லாம் அங்கே இடதுபக்கம் திரும்பித்தான் பழைய நிறுத்துமிடத்துக்குப் போவார்கள். புதுக் கட்டிடம் கட்ட அந்த நிறுத்துமிடத்தைத் தோண்டிப் போட்டார்கள். இடது வளைவை மூடி, உள்ளே தள்ளித் தடுப்பு வைத்தார்கள். புதுக் கோடு நேராகப் போய், பிறகு வலதுபக்கம் திரும்பும். பழைய இடது கோட்டை அத்தான் கறுப்படித்தார், வழக்கம்போல மூன்று பூச்சு. மிஷின் அப்போதும் பழுதுதான். 'பழைய கோடு முழுமையாக நீக்கப்பட்டது' என்ற படிவத்தில் மேற்பார்வையாளர் கையெழுத்துக் கேட்டார், அத்தான் போட்டார். எல்லோரும் போடுகிற கையெழுத்துதான்.

அதற்குப் பதினான்கு மாதம் கழித்து ஒரு காலை. விடியும்வரை மழை பெய்து, சட்டென்று வெயில் அடித்தது. எங்கள் நிலையத்துக்கு முதல்முறையாக வந்த ஒரு பெண் கேப்டன், அந்த நாற்காலியில் உட்கார்ந்து பன்னிரண்டே நாள், அந்தப் பிரிவில் இடதுபக்கம் திரும்பிவிட்டார். வளைவு முடிந்ததும் எதிரே தடுப்பு. பிரேக்கை அழுத்தினார். வழக்கம்போல அவசரக்காரர்கள் நாலு பேர் எழுந்து நின்று பெட்டியை எடுத்துக்கொண்டிருக்க, அவர்களை உட்காரச் சொல்லப் போன பணிப்பெண் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. விமானத்தின் வால் பெரிய தெருவை அடைத்துக்கொண்டது. பின்னால் ஐந்து விமானங்கள் இரண்டு மணி நேரம் நின்றன.

இழுவை வண்டி வந்து பின்னால் தள்ளிய பிறகு அழைத்துப் போகிற வேலை எனக்கு. அதற்குள் வெயில் ஏறித் தரை காய்ந்துவிட்டது. நான் ஜீப்பை விட்டு இறங்கி நின்றபோது, கேப்டன் பக்கவாட்டுச் சன்னலைத் திறந்து தலையை நீட்டினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இங்க ஒரு கோடு இருந்துச்சே. இடது பக்கமா. நீங்க பாக்கலையா?"

நான் குனிந்து பார்த்தேன். தார் மட்டும்தான் இருந்தது, கறுப்பாக.

"இல்லையே மேடம். இங்க கோடே கிடையாது" என்றேன்.

கொஞ்சம் எரிச்சலோடு சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஜீப்பைக் கேட்டிருந்தால் இவ்வளவு வம்பு உண்டா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

விசாரணை வைத்தார்கள். அதிகாரிகள் ஒரு மதியம் வந்து நடந்து பார்த்தார்கள். மஞ்சள் கோடு மஞ்சளாக இருந்தது, நேராகப் போனது. இடதுபக்கம் ஒன்றுமில்லை. டவர் 'நேரே போய் வலது' என்று சொன்னது ஒலிப்பதிவில் தெளிவாக இருந்தது. துணை விமானியோ தான் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்ததாகச் சொல்லிக் கழன்றுகொண்டான். என்னிடமும் எழுதி வாங்கினார்கள். 'அந்த இடத்தில் கோடு எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கேப்டன் மட்டும் கோடு இருந்தது, அதன்மேல்தான் வந்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்குத்தான் கெட்ட பெயர். செய்த தவறை ஒத்துக்கொள்ளாதவர், இல்லாததைப் பார்ப்பவர் என்று பேச்சு கிளம்பியது. மூன்று வாரத்தில் முடிவு எழுதப் போகிறார்கள், கேப்டன் நாற்காலி போய்விடும், மறுபடி கிடைப்பது கஷ்டம் என்று உணவகத்தில் பேசிக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டிலோ வேறு பேச்சு. கோட்டுப் பிரிவின் போர்மேன் ஓய்வு பெறப் போகிறார், அடுத்தது அத்தான்தான் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அக்கா அதை மாடிப்படி ஏறும்போதும் இறங்கும்போதும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

இந்த நேரத்தில்தான் நான் என் வேலைப் பதிவேட்டைப் புரட்ட வேண்டி வந்தது. ஜீப்புக்குப் புது டயர் கேட்டு மனு எழுத, எத்தனை தடவை ஓடியது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பிரிவில் மட்டும் வருடத்தில் நாலு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். விமானி பாதியில் நின்றுவிட்டு, வழி சந்தேகமாக இருக்கிறது என்று ஜீப் கேட்டிருக்கிறார். மானத்தை விட்டுக் கேட்ட நாலு பேர். நாலு பேரும் ஊருக்குப் புதிது. நாலும் காலை எட்டு மணிக்கு முன்னால். வானிலை என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் நாலு தடவையும் ஒரே வாசகம்: மழை விட்டு வெயில்.

பழகிய விமானிகள் அந்த இடத்தில் தரையையே பார்ப்பதில்லை, கை தானாகத் திருப்பும். புதியவர்கள்தான் கோட்டைத் தேடுகிறார்கள். தேடினால் என்ன தெரிகிறது அங்கே?

அன்று இரவு அக்கா வீட்டுச் சாப்பாட்டில் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அத்தான், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்கிற மாதிரி கேட்டா கோவிச்சுக்குவேன்."

"அந்த இடது வளைவுல நீங்க அடிச்ச கறுப்பு, மழைல ஒரு வேளை வேற மாதிரி தெரியுமோ?"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "மழைல கறுப்பு கறுப்பாத்தான் தெரியும். பச்சையாவா தெரியும்?"

"நாலு பேரு அங்க நின்னிருக்காங்க அத்தான். இந்தப் பொண்ணோட அஞ்சு."

"வண்டி ஓட்டுறவ வண்டியை ஓட்டு. பெயின்ட்டைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத."

அக்கா என்னைப் பார்த்து வாயை மூடு என்று கண்ணால் சொன்னாள். போர்மேன் வேலை வருகிற நேரத்தில் தங்கை இப்படிக் குண்டைத் தூக்கிப் போட்டால் அவள்தான் என்ன செய்வாள். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனால் மனிதருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து விடியற்காலை மழை பெய்தது. ஆறரை மணிக்கு நான் ஜீப்பை எடுக்கப் போனபோது, பயணிகள் இறங்குகிற படிக்கட்டு வண்டி ஒன்று அந்தப் பிரிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் பக்கத்தில் அத்தான். பிரிவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, விமானி உட்கார்ந்திருக்கும் உயரத்துக்குப் படியேறி நின்றார். எதிரே சூரியன் தரையை ஒட்டி இருந்தது. அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். டவர் என்னைக் கூப்பிட்டு, "உங்க அத்தான் அங்க என்ன பண்றாரு?" என்று கேட்டது. எனக்கென்ன தெரியும் என்றேன்.

நானும் போய்ப் படியேறினேன். ஏறி, அவர் பார்த்த பக்கம் பார்த்தேன்.

மஞ்சள் கோட்டைக் காணவில்லை. வெளிச்சத்தில் தெரு முழுக்க மங்கலாக வெளுத்துக் கிடந்தது. அதில் ஒரே ஒரு கோடு மட்டும் பளபளவென்று, சலவைக்குப் போய் வந்த வேட்டிக் கரை மாதிரி, அழகாக வளைந்து இடதுபக்கம் போனது. தாரும் கண்ணாடித் தூள் தூவிய மஞ்சளும் சொரசொரப்பு, அவை வெளிச்சத்தை உடைத்துவிடுகின்றன. அத்தானின் கறுப்பு வழவழப்பு, தேய்த்துத் தேய்த்து மூன்று பூச்சு. அதில் ஈரம் பட்டதும் கண்ணாடிதான். ஒரே பூச்சோடு விட்டிருந்தால் இவ்வளவு மின்னியிருக்காது. இருபத்து நான்கு வருடமாக அவர் தன் வேலையை உச்சி வெயிலில், காய்ந்த தரையில், தன் காலடியிலேயே குனிந்து பார்த்தவர். இந்த நேரத்தில் இந்த உயரத்திலிருந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. யாரும் பார்க்கச் சொன்னதும் இல்லை.

அத்தான் இறங்கிப் போய்விட்டார்.

மேற்பார்வையாளரிடம் முதலில் சொல்லியிருக்கிறார். மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "மிஷின் திங்கக்கிழமை வருது. ராத்திரியோட ராத்திரியா சுரண்டி எடுத்துடுங்க. இனிமே எவனும் அந்தப் பக்கம் போக மாட்டான். அதோட விஷயம் முடிஞ்சுது. அந்தப் படிவத்துல உங்க கையெழுத்து மட்டுமா இருக்கு?" என்றிருக்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன், நானும் அதையேதான் சொன்னேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன். சாயங்காலம் அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கதவருகே நின்றாள்.

"பேசாம சுரண்டிடுங்க அத்தான். ஆபத்து போயிடும்ல? அப்புறம் என்ன?"

"அந்தப் பொண்ணு?"

"அவ யாரு, நமக்கு ஒட்டா உறவா? உங்களுக்கு வேலை வர நேரம். ஏன் வாயைக் குடுத்து மாட்டிக்கிறீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கோடு இல்லைன்னு நீயும்தானே எழுதிக் குடுத்தே."

எனக்குச் சுருக்கென்றது.

"வேலை போனாக்கூடத் தேவலை" என்றார் அத்தான், செருப்பைப் பார்த்துக்கொண்டே. "அந்தப் பொண்ணு தன் கண்ணால பாத்ததை எல்லாருமா சேர்ந்து இல்லைன்னுட்டோம். இனிமே மழைல எந்தக் கோட்டைப் பாத்தாலும் அவளுக்குச் சந்தேகம் வரும். போகலாமா வேணாமான்னு யோசிப்பா. பின்னாடி நூத்தம்பது பேரு உக்காந்திருப்பான். அதை எந்த மிஷினை வெச்சு சுரண்டி எடுக்கிறது?"

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மூணு பூச்சு எதுக்கு அடிச்சீங்க? ஊரே ஒண்ணு அடிக்குது, உங்களுக்கு மட்டும் மூணா? இந்த வீட்டுச் சுவத்துக்கு ஒரு பூச்சு அடிக்கச் சொல்லி எத்தனை வருஷமா கத்துறேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் பாத்திரங்கள் சத்தம் போட்டன. பிறகு அவருடைய சீருடையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். அவள் அப்படித்தான்.

மறுநாள் அத்தான் விசாரணை அதிகாரியின் அறைக்கே போனார். அதிகாரி காது கொடுத்துக் கேட்டார், ஆனால் நம்பவில்லை. கறுப்புப் பெயின்ட் மஞ்சளைவிடப் பளிச்சென்று தெரியும் என்றால் யார்தான் நம்புவார்? வெள்ளிக்கிழமை முடிவு எழுத வேண்டும், மழை வரும்வரை காத்திருக்க முடியாது என்றார்.

"மழையை நான் வரவைக்கிறேன் சார். வெள்ளிக்கிழமை காலைல ஆறே முக்காலுக்கு வாங்க, போதும்" என்றார் அத்தான்.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரைப் பீய்ச்சிச் சோதித்துப் பார்ப்பார்கள். எங்கே பீய்ச்சினாலும் அவர்களுக்கு ஒன்றுதான். அத்தான் போய்ப் பேசினார், டவரிடம் அனுமதி வாங்கினார், படிக்கட்டு வண்டியைச் சொல்லி வைத்தார். கேப்டனையும் வரச் சொல்லி அதிகாரியை வற்புறுத்தியது அவர்தான்.

வெள்ளிக்கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஐந்து பேர் படியேறி நின்றார்கள். அதிகாரி, விமான நிறுவனத்து ஆள் ஒருவர், எங்கள் மேற்பார்வையாளர், அத்தான், கடைசியாக அந்தக் கேப்டன். சாதாரண உடையில் வந்திருந்தார், ஆள் பாதியாக இளைத்திருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் கீழே ஜீப்போடு நின்றேன். தீயணைப்பு வண்டி அந்தப் பிரிவைச் சுற்றி வந்து தண்ணீரை வாரி இறைத்துவிட்டு ஒதுங்கியது.

அத்தான் எதையும் விளக்கவில்லை. தண்ணீர் வழிந்து படிகிறவரை பொறுத்திருந்தார்.

"சார், நீங்க விமானத்தை ஓட்டிட்டு வர்றீங்கன்னு வெச்சுக்குங்க. இப்ப எந்தக் கோட்டுல போவீங்க?"

அதிகாரி கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு கையை நீட்டினார். இடதுபக்கம் காட்டினார்.

"அதோ அதுல. அதுதானே மஞ்சள்?"

மேற்பார்வையாளர் முகத்தில் ஈயாடவில்லை. யாரும் ஒன்றும் சொல்லாததால் அதிகாரிக்கே புரிந்துவிட்டது. கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.

கேப்டன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இருந்துச்சு" என்றார். பிறகு, "ரெண்டு கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். யார்கிட்டயும் சொல்லலை. எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

அத்தான் இரண்டு படி இறங்கி அவருக்குப் பக்கத்தில் நின்றார். வழக்கமாகப் பாக்கெட்டுக்குள் இருக்கும் கை வெளியே இருந்தது.

"உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா. நான் மூணு பூச்சு அடிச்சேன். சுரண்டி எடுத்திருக்கணும், எடுக்காமலே எடுத்தேன்னு கையெழுத்தும் போட்டேன். தப்பு என்னோடது."

கீழே நின்ற எனக்கும் கேட்டது. அன்றைக்கே நான் எழுதிக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கி, வேறு எழுதிக் கொடுத்தேன்.

கேப்டனுக்கு நாற்காலி தப்பியது. அத்தானுக்குப் போர்மேன் வேலை போனது, அது வேறொருவருக்குப் போனது. ஆறு மாதம் கோடு போடுகிற மிஷினைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதற்குப் பதில் சுரண்டுகிற மிஷினைக் கொடுத்தார்கள். நிலையம் முழுக்க அவர் கையால் கறுப்படித்த இடங்கள் பதினொன்று. எங்கே எங்கே என்று எவனாலும் காட்ட முடியாதே, அதனால் அவரையே காட்டச் சொல்லி, அவரையே சுரண்டச் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் செதுக்கி எடுத்துக் கறுப்புப் புழுதியோடு வீட்டுக்கு வந்தார். அக்கா வாசலிலேயே வாளித் தண்ணீரை வைத்துவிடுவாள். மாடிப்படியில் கேட்டவர்களிடம், "அந்த வேலை வேண்டாம்னுட்டாரு" என்று கூசாமல் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து மழை விட்ட ஒரு காலையில் அந்தக் கேப்டன் மறுபடி வந்து இறங்கினார். ரேடியோவில் குரலை வைத்தே கண்டுபிடித்தேன். டவர் ஜீப் வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம், கோடு தெரிகிறது என்றார். அத்தான் எட்டாவது இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார், அந்தப் பிரிவுக்குக் கொஞ்ச தூரத்தில், காதை மூடிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு. விமானம் அவரைக் கடந்து போகையில் கேப்டன் சன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டி ஆட்டினார். இவர் நிமிரவே இல்லை. மிஷின் போடுகிற சத்தத்தில் என்ன தெரியும்?

மதியம் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சொன்னேன். "அத்தான், அந்தக் கேப்டன் காலைல வந்தாங்க. உங்களுக்குக் கை காட்டினாங்க, நீங்கதான் பாக்கல."

அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "எந்தக் கோட்டுல போனா?"

"நேரா போய் வலது. உங்க மஞ்சக் கோட்டுலதான்."

"முன்சக்கரம் நடுவுல இருந்துச்சா?"

"நடுவுலதான் அத்தான். ஒரு விரக்கடை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இல்லை."

சரி என்று தலையாட்டிவிட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.